ஓரிரு இடங்களில்

வானிலை அறிக்கையின் தமிழில் 'ஓரிரு' என்ற சொல்லைப் போல் எங்களை அலைக்கழித்த சொல் வேறில்லை. உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி, மின்னல், சூறைக்காற்றுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்று சித்திரையிலும் வைகாசியிலும் ஏறக்குறைய அன்றாடம் ஒலிக்கிறது அந்த வாக்கியம். வெயிலில் களைத்தவர்கள் அதை ஆசையோடு கேட்பார்கள். குளித்தலைக்குக் கிழக்கே காவிரியின் தென்கரையில் மூன்று தலைமுறையாக வாழை வைத்திருக்கும் எங்கள் குடும்பத்தில் காது 'சூறைக்காற்று' என்ற இடத்திலேயே நின்றுவிடும்.

அந்தச் சொல் ஏனோதானோவென்று போடப்பட்டதன்று. ஒரு வட்டாரத்திலுள்ள மழைமானி நிலையங்களில் 25 விழுக்காட்டுக்கு மேற்படாமல் மழை பதிவாகும் என்றால், வானிலை ஆய்வுத் துறையின் வழக்கில் அது 'ஓரிரு இடங்கள்'. 26 முதல் 50 வரை என்றால் 'சில இடங்கள்'. இதற்கு மேலும் இரண்டு படிகள் உண்டு. அவற்றுக்கு ஐப்பசியில்தான் வேலை அதிகம். ஆக, அறிக்கை அச்சுப் பிசகாமல் பலித்தாலும் நான்கில் மூன்று இடம் காய்ந்தே கிடக்கலாம். தாத்தா இருந்தவரை திருச்சி வானொலியில் இதைக் கேட்டுவிட்டு, "பெஞ்சாலும் சரி, பெய்யாட்டியும் சரிங்கிற மாதிரி ஒண்ணு" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆயினும் கோடை இடிமழை பிறக்கும் விதத்தைப் பார்த்தால், காலை வேளையில் அதைவிட நேர்மையாக ஒருவர் பேசிவிட முடியாதென்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஊருக்குச் சூரியன் நேர் உச்சியில் வருவது ஏப்ரல் 19ஐ ஒட்டி. பஞ்சாங்கத்தின் கத்திரி மே 4ஐ ஒட்டித் தொடங்குகிறது. (வானிலைத் துறையில் கத்திரி என்றொரு கணக்கே கிடையாது என்பதை அத்தையிடம் சொல்ல எங்களில் எவருக்கும் துணிவில்லை.) சூடேறிய தரையை ஒட்டிய காற்று பிற்பகலில் மேலெழும். வறண்ட காற்று மட்டும் எழுந்தால் புழுதியோடு சரி. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று உள்நாட்டை எட்டி, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றைச் சந்திக்கவேண்டும். தீபகற்பத்தின் நடுவே வடக்குத் தெற்காக அமையும் அந்தச் சந்திப்பை வரைபடத்தில் கோடாகக் காட்டிவிடலாம். கோட்டின் மேல் எந்த ஊரில் முதல் மேகம் பொங்கும் என்பது காலையில் எவருக்கும் தெரியாது. ஒற்றை இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர். ஆயுள் ஒரு மணி நேரத்தை ஒட்டி. உயரமோ 12, 15 கிலோமீட்டர் வரை போகும்.

காற்று வருவது அந்த உயரத்திலிருந்துதான். விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனத்து இறங்கித் தரையில் மோதி நாலாபுறமும் பாய்கிறது. மழைக்குச் சற்று முன்னால் முகத்தில் அடிக்கிறதே, அந்தக் குளுமை அதுதான். 40 பாகையில் வெந்துகொண்டிருந்த மாலை சில நிமிடங்களில் 30க்கு வந்துவிடும். நகரத்து நண்பர்கள் அதைப் பற்றிக் கவிதை எழுதுகிறார்கள். நாங்கள் தோட்டத்தைப் பார்த்து ஓடுகிறோம்.

மரம் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, வாழைக்குக் கட்டை கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய மட்டைகள்தாம் தண்டாக நிற்கின்றன. வேரும் மேலாகவே ஓடும். உச்சியில் பாய்மரம்போல் இலைகள். ஒரு பக்கமாகத் தொங்கும் தார். எட்டாவது ஒன்பதாவது மாதத்தில் தார் தள்ளி, காய் திரண்டு, வெட்டுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அது மிகக் கனத்தும் மிகப் பலவீனமாகவும் இருக்கும். எங்கள் நடவுக் கணக்கில் அந்த மாதம் பெரும்பாலும் சித்திரையிலோ வைகாசியிலோ வந்து விழுகிறது. ஏக்கருக்கு ஏறத்தாழ 1,000 மரம். ஒவ்வொன்றுக்கும் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுக்கலாம். கொடுப்பதற்குப் பணம் வேண்டும்.

அதனினும் பெரிய சிக்கல் தண்ணீர். வெயில் ஏறினால் வாழைக்கு நீர் பாய்ச்சியாகவேண்டும். பாய்ச்சி ஊறிய மண்ணில் காற்றடித்தால் வேர் பிடி விட்டு மரம் அடியோடு சாயும். வெப்பத்துக்கு ஒரு பதிலும் காற்றுக்கு அதற்கு நேர்மாறான பதிலும் வேண்டியிருக்க, அறிக்கையோ இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடும்.

2024 ஏப்ரல் கொடுமையாகக் காய்ந்தது. மே நடுவில் மழைக்கான பேச்சு தொடங்கிற்று. ஓரிரு இடங்கள், மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. தோட்டத்துக்கு நீர் விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. "இன்னும் ரெண்டு நாள் பொறு" என்றார் பெரியப்பா. "ரெண்டு நாள்ல காய் வெம்பிப் போயிரும்ணே, அப்புறம் எவன் வாங்குவான்?" என்றார் அத்தை. நகை அடகிலிருந்த கணக்கு இருவருக்குமே தெரியும். அதை ஒருவரும் பேசவில்லை. கடைசியில் முட்டுக் கொடுத்த மேற்குப் பாதிக்கு மட்டும் நீர் விடுவதென்று முடிவாயிற்று. கிழக்குப் பாதி காய்ந்தபடியே கிடந்தது.

மாலை ஐந்து மணிக்கு ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, தொட்டியத்துச் சம்பந்தி வீட்டு அழைப்பு. "இங்க அடிச்சிருச்சு மாப்ளே. மோட்டார் கொட்டாய்ல யாரும் இருக்கவேணாம், மின்னல் பொல்லாததா இருக்கு." இடி எந்தத் திசையில் உறுமுகிறதோ அந்தத் திசை உறவினரைக் கேட்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். இன்று மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு கைப்பேசிக்கு வருகிறது; அருகில் மின்னல் விழுவதைத் தாமினி செயலி காட்டுகிறது. இளையவர்கள் அதைப் பார்க்கிறார்கள். உயிர் காக்கும் காரியம் என்பதால் பெரியவர்களையும் பார்க்க வைத்திருக்கிறோம். மரத்தை மாற்றி நடமுடியாது. ஆளை வீட்டுக்குள் கூட்டிவிடலாம்.

காற்று இருபது நிமிடம் அடித்தது. எங்களுக்கு முப்பத்தேழு மரம் சாய்ந்தது, பெரும்பாலும் ஈர மண்ணிருந்த மேற்குப் பாதியில், முட்டோடு சேர்ந்து. கிழக்கில் இலைகள் கிழிந்ததோடு சரி. வாய்க்காலுக்கு அந்தப் புறம், ஒரு தாவலில் கடந்துவிடும் தூரத்தில், மாமாவின் தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு தரையில் கிடந்தது. அவர் அன்று காலைதான் முழுவதற்கும் நீர் விட்டிருந்தார். அதனாலா, காற்றின் வாக்கினாலா என்று இன்றுவரை வழக்கு ஓடுகிறது. கிழக்கே அடுத்த ஊரில் புழுதிகூடப் பறக்கவில்லை.

2016இல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பொதுவாக ஒரு கிராமம் அல்லது குறுவட்டத்தின் சராசரி விளைச்சலை வைத்தே இழப்பைக் கணக்கிடுகிறது. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் அது பொருந்தலாம். வாய்க்காலுக்கு ஒரு புறம் அடித்து மறுபுறத்தை விட்டுவிடும் காற்றுக்குச் சராசரி ஏது? 'ஓரிரு இடங்கள்' என்ற சொல்லை அறிக்கை எழுதுபவர்கள் கவனமாக வைத்திருக்கிறார்கள். இழப்பைக் கணக்கிடுபவர்களிடம் அதற்கு ஈடான சொல் இல்லை.

மறுநாள் விடியுமுன் நாங்கள் எல்லோரும் மாமாவின் தோட்டத்தில் இருந்தோம். சாய்ந்த மரத்தின் தாரை வெயில் ஏறுவதற்குள் வெட்டிவிடவேண்டும். காய் முக்கால் பருவம். பாதி விலைக்கு எடுக்க ஒரு வியாபாரி வண்டியோடு வந்துவிட்டார். அத்தை இலைக்கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பெரியப்பா நிமிர்ந்து மேற்கே பார்த்து, "இன்னைக்கும் ஓரிரு இடம்னுதான் சொல்றான்" என்றார். மாமா பதில் சொல்லாமல் அடுத்த தாரை வெட்டினார்.