அடியில் தங்குவது

கோபாலபுரத்தில் உட்கார்ந்து கதை எழுதுகிறவனுக்குப் பவளத்தோடு என்ன சம்பந்தம் என்பீர்கள். நான் சொல்வது மாலையில் கோக்கிற பவளம் அல்ல; நம் மன்னார் வளைகுடாவில் பாறையோடு ஒட்டி, நாய்க்குடை போலவும் கைவிரல் போலவும் வளரும் மென்பவளம்.

அதன் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல முடியாது. ஒரே ஜாதி இடத்துக்கு ஒரு வேஷம் போடும். ஸ்பிரிட்டில் போட்டாலோ சுருங்கி எல்லாம் ஒன்றாகிவிடும். 1902-ல் பேராசிரியர் ஹெர்ட்மன் இலங்கைக் கடலில் சேகரித்தவற்றை எடித் பிராட் என்ற பெண்மணி ஆராய்ந்து 1905-ல் அறிக்கை எழுதினார். அன்றும் இன்றும் ஆராய்ச்சிக்காரர் முதலில் கேட்கும் சாட்சி, உடம்புக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள்தான்.

மேலிருந்து ஒரு துணுக்கு, அடியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சலவைத் திரவத்தில் போட்டால் சதை கரைந்து துகள் தங்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒன்று பீமனுடைய கதாயுதம். இன்னொன்று நூற்கும் கதிர், மேலெல்லாம் மரு. அந்த வடிவம் பெரும்பாலும் ஜாதியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கதாசிரியனும் இதே தொழில்தான் செய்கிறான். கதாபாத்திரத்தைக் கஷ்டத்தில் போட்டுக் கரைத்து, அடியில் எது தங்குகிறதென்று பார்க்கிறான். ஆனால் ஆராய்ச்சிக்காரர் நகக்கண் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்; மிச்சம் கடலில் உயிரோடிருக்கிறது. நாங்களோ பக்கத்து வீட்டு மனிதரை முழுசாகக் கரைத்துவிட்டு, மறுநாள் காலையில் அவர் வீட்டிலேயே காபிப்பொடி கடன் கேட்கிறோம்.