இசைத்தட்டில் இல்லாத பெயர்கள்

பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்பவன் என்று என்னை அறிந்த நண்பர்கள் முதலில் அவற்றின் விலையைக் கேட்பார்கள். அடுத்து, தமிழ்ப் பாட்டு உண்டா என்பார்கள். அமெரிக்கக் கறுப்பின இசைஞர்களின் ஜாஸ் இசை, அதிலும் 1930களிலும் 1940களிலும் பெரிய வாத்தியக் குழுக்கள் வாசித்தவை என்று நான் சொன்னதும் பேச்சு அநேகமாக அங்கே முடிந்துவிடும். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் ஒருவனுக்கு இதில் என்ன ஈடுபாடு என்ற வினா மாத்திரம் அவர்கள் முகத்தில் எஞ்சி நிற்கும். அவ்வினாவுக்கு விடைகூறும் முயற்சியே இக்கட்டுரை.

என்னிடம் உள்ள தட்டுகள் 34. அவற்றுள் 11 என் அம்மப்பா விட்டுச் சென்றவை. அவர் 1960களில் கொழும்பில் அரசாங்க இலிகிதராக இருந்தவர். நீண்ட நேரம் ஒலிக்கும் தட்டுகள் வந்துவிட்ட காலம் அது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுகளை வசதியுள்ளோர் கழித்துவிட, அவை பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. சம்பளத்தில் மிச்சம்பிடித்து எழுபதுக்கு மேற்பட்ட தட்டுகளை அவர் சேர்த்தார். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது தட்டுப் பெட்டியைத் தூக்கிச் செல்ல இயலவில்லை. அதனோடு இருந்த கொப்பியை மாத்திரம் மடியிற் கட்டிக்கொண்டு அவர் புறப்பட்டாராம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பெட்டி கவிழ்ந்து கிடந்தது. அரக்குத் தட்டு மண்சட்டி போன்றது, விழுந்தால் உடையும். உடையாமற் கிடந்தவை அந்தப் பதினொன்றுமே. ஏனைய 23ஐயும் அவருடைய கொப்பியைப் பார்த்து நான் தேடிச் சேர்த்து வருகிறேன்.

அக்கொப்பியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பத்து அங்குலத் தட்டொன்றின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். நடுவில் ஒட்டியுள்ள வட்டத்தாளில் பாட்டின் பெயரும் குழுத்தலைவரின் பெயரும் இருக்கும். குழுவிலோ பதினைந்து பேர் வரையில் இருப்பர்: ட்ரம்பெட் ஊதுவோர், ட்ரொம்போன் ஊதுவோர், சாக்சபோன் ஊதுவோர், பியானோ, கிற்றார், பேஸ், முரசு வாசிப்போர் எனப் பலர். அவர்கள் பெயர் தட்டில் இராது. அம்மப்பா அப்பெயர்களைத் தேடினார். 'வொய்ஸ் ஒவ் அமெரிக்கா' வானொலியில் 1955 முதல் வில்லிஸ் கொனோவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியை இரவில் விழித்திருந்து கேட்பார். ஆங்கிலம் அதிகம் அறியாதோரும் விளங்கிக்கொள்ளுமாறு நிறுத்தி நிதானமாகப் பேசியவர் கொனோவர். அவர் சொல்லும் பெயர்களையும், நூலகத்தில் கண்ட பெயர்களையும், தட்டுக்கு ஒரு பக்கமாக அம்மப்பா கொப்பியில் எழுதிவைத்தார்.

"தம்பி, தட்டில இருக்கிறது தலைவற்ரை பேர். ஊதினவன்ரை பேர் தட்டில இராது. அதைத் தேடிப் பிடிக்க வேணும்" என்று அவர் எனக்குக் கூறியது இன்றும் செவியில் நிற்கிறது.

தலைவரின் பெயரும் சில வேளைகளில் மறைந்துபோகும். டியூக் எலிங்ரனின் குழு ஒரு கம்பனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டே வேறு கம்பனிகளுக்கும் ஒலிப்பதிவு செய்தது. அப்போது அதே குழு 'ஜங்கிள் பாண்ட்' என்றும், 'ஹார்லெம் பூட்வோர்மர்ஸ்' என்றும், 'வூப்பி மேக்கர்ஸ்' என்றும் வேறுவேறு பெயர்களில் வெளிவந்தது. ஆதலால் சேகரிப்பவனுக்குக் கண்ணைவிடக் காதே முக்கியம். வட்டத்தாள் எதைச் சொன்னாலும், ட்ரொம்போன் மனிதக் குரலில் முனகுமாயின் அது ஜோ நான்ரன் என்று அறிந்துகொள்ளலாம்.

அந்த நான்ரனை உலகம் 'ற்றிக்கி சாம்' என்றே அறியும். வித்தைக்காரச் சாம் எனலாம். மற்றவர் இரு கைகளாற் செய்வதை இவர் ஒரு கையாற் செய்துவிடுவார் என்பதனால், அதே குழுவில் சாக்சபோன் வாசித்த ஒட்டோ ஹார்ட்விக் அப்பெயரைச் சூட்டினாராம். குழாய் அடைப்பை எடுக்கும் இறப்பர்க் கிண்ணத்தை வாத்தியத்தின் வாயில் வைத்து மூடியும் திறந்தும் ஊதிப் பேச்சொலியை எழுப்பியவர் அவர். ட்ரம்பெட் ஊதிய சார்ள்ஸ் வில்லியம்ஸ் சிறுவனாக இருந்தபோது இசைநிகழ்ச்சியொன்றுக்கு அழைத்துச் செல்லப்பட்டான். என்ன கேட்டாய் என்று வீட்டார் வினவ, "கூட்டி, கூட்டி, கூட்டி" என்றானாம். அன்று முதல் அவர் 'கூட்டி' வில்லியம்ஸ். 1940இல் எலிங்ரன் அவருக்கென்றே ஓர் இசையை அமைத்து 'கொன்சேர்ற்றோ போ கூட்டி' என்று பெயரிட்டார். தட்டில் இடம்பெறாத வாத்தியக்காரனின் பெயர், பாட்டின் தலைப்பு வழியாக வட்டத்தாளில் ஏறிக்கொண்டது. அம்மப்பாவின் கொப்பியில் அந்தப் பக்கத்துக்கு மாத்திரம் சிவப்பு மையாற் கோடிடப்பட்டிருக்கிறது.

இத்தகைய பெயர்களின் தோற்றத்தை ஆராய்வோன் ஒன்றை விரைவிற் கண்டுகொள்வான். ஒரு பெயருக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் இருக்கும். சாக்சபோன் கலைஞர் ஜொனி ஹொட்ஜஸ் 'முயல்' என்று அழைக்கப்பட்டார். பள்ளிக்கு ஒளித்தோரைப் பிடிக்கவரும் அதிகாரிகளிடமிருந்து பாய்ந்தோடித் தப்பும் கால்கள் அவருக்கு இருந்தன என்பது ஒரு கதை. இலைக்கறியும் தக்காளியும் வைத்த பாணை முயல்போற் கொறிப்பார் என்பது அவருடைய தோழர் ஹரி கார்னியின் கதை. நம்மூரில் ஒரே பட்டப்பெயருக்கு ஆலடியில் ஒரு காரணமும் சந்தையில் இன்னொரு காரணமும் சொல்வதில்லையா? அதுபோன்றதே இதுவும்.

இப்பெயர்களிடையே ஒரு தனிவரிசை உண்டு. எட்வேர்ட் கென்னடி எலிங்ரன் 1899இல் வாஷிங்டனிற் பிறந்தவர். தந்தையார் வெள்ளையர் வீட்டிற் பட்லராக இருந்தவர். மகனுடைய நேர்த்தியான உடையையும் நடையையும் கண்ட பள்ளித் தோழன் ஒருவன் 'டியூக்', அதாவது கோமகன், என்றான். வில்லியம் பேசி 1930களின் நடுப்பகுதியில் கான்சாஸ் சிற்றியில் வாசித்துக்கொண்டிருந்தபோது, வானொலி அறிவிப்பாளர் ஒருவர், டியூக் இருக்கும் உலகில் இவர் 'கவுண்ட்', அதாவது பிரபு, ஆகட்டும் என்றாராம். பேசியின் குழுவில் இருந்த லெஸ்ரர் யங்குக்குப் பாடகி பில்லி ஹொலிடே 'பிரெசிடென்ற்' என்று பெயர் வைத்தார். அரசர், கோமகன், பிரபு ஆகிய பட்டங்களுக்கெல்லாம் அந்நாட்டில் மதிப்பேதும் இல்லை. நாட்டின் மிகப் பெரிய மனிதர் அப்போது சனாதிபதி றூஸ்வெல்ற். ஆகவே இவர் சனாதிபதி. இது 1956இல் வெளிவந்த தமது சுயசரிதையில் அவரே தரும் விளக்கம். யங் அவருக்கு 'லேடி டே' என்றும், அவருடைய தாயாருக்கு 'டச்சஸ்' என்றும் பெயர் சூட்டி அந்த அரசவையை நிறைவு செய்தார்.

வேடிக்கைக்கு வைத்த பெயர்கள் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அந்நாட்டு வரலாற்றை வாசித்த பின்னரே அவற்றின் பாரம் விளங்கியது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளையர் ஒரு கறுப்பு மனிதரை 'மிஸ்டர்' என்று அழைப்பதில்லை. முதியவராயினும் 'பையா' என்பர். அன்றேல் வெறும் பெயர். பெண்களுக்கு 'மிஸ்' இல்லை, 'மிசிஸ்' இல்லை. அலபாமா நீதிமன்றம் ஒன்றில் 1963இல் சாட்சிக்கூண்டில் நின்ற மேரி ஹமில்ரன் என்ற பெண்ணை அரசதரப்பு வழக்கறிஞர் 'மேரி' என்று அழைத்தார். 'மிஸ் ஹமில்ரன்' என்று அழைத்தாலன்றி விடையிறுக்கமாட்டேன் என்றார் அவர். நீதிமன்றத்தை அவமதித்தார் என்று ஐந்து நாட் சிறையும் 50 டொலர் குற்றப்பணமும் விதிக்கப்பட்டன. 1964இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஒரு 'மிஸ்' என்ற சொல்லுக்காக நாட்டின் உச்சநீதிமன்றம் வரை செல்லவேண்டியிருந்தது.

அந்த நாட்டிலேதான் பட்லரின் மகன் கோமகன் ஆனார். தென்பகுதியில் விடுதிகள் இடந்தர மறுத்ததனால், எலிங்ரனின் குழு 1930களில் தனி ரயிற்பெட்டிகளை வாடகைக்கு அமர்த்தி, அவற்றிலேயே உண்டு உறங்கிப் பயணஞ் செய்தது. 1938இல் ஆர்ட்டி ஷோவின் வெள்ளையர் குழுவோடு பாடிய 'லேடி டே', நியூயோர்க் விடுதியொன்றில் சாமான் ஏற்றும் மின்தூக்கியிற் சென்றுவருமாறு பணிக்கப்பட்டார். 'பிரெசிடென்ற்' 1944இல் இராணுவத்திற் சேர்க்கப்பட்டு, அடுத்த ஆண்டு இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டுச் சிறையில் அடைபட்டார். சட்டம் தர மறுத்த மரியாதையை இவர்கள் தமக்குள் ஒருவருக்கொருவர் வழங்கிக்கொண்டனர். பின்னர் அவ்வானொலியைக் கேட்ட வெள்ளையரும் அப்பெயர்களையே சொல்லவேண்டியதாயிற்று. 'மிஸ்டர்' என்று அழைக்க மறுத்த வாய் 'டியூக்' என்று அழைத்தது.

பட்டப்பெயர் ஒருவனை உயர்த்தவும் வல்லது, ஒடுக்கவும் வல்லது. அதை வைப்பவர் யார், தாங்குபவர் அதை மறுக்கும் நிலையில் உள்ளாரா என்பவற்றிலேயே வேறுபாடு தங்கியிருக்கிறது. புதுமுக மாணவருக்கு முதல் வாரத்திலேயே பட்டம் சூட்டும் நாமும் இதனைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

எலிங்ரனும் அவருடைய குழுவினரும் 1963இன் பிற்பகுதியில் அமெரிக்க அரசின் சார்பில் ஆசிய நாடுகளில் நிகழ்ச்சி நடத்தியபோது கொழும்புக்கும் வந்தனர். ஹொட்ஜசும் கார்னியும் உடன் வந்திருந்தனர். நவம்பர் 22இல் சனாதிபதி கென்னடி கொல்லப்பட, துருக்கியில் அப்பயணம் இடைநின்றது. கொழும்பு நிகழ்ச்சி நடந்த நாளில் அம்மப்பா தங்கையின் கலியாண வேலையாக ஊருக்கு வந்திருந்தார். அந்தக் குறை அவருக்கு ஆயுள் முழுவதும் இருந்தது. "டியூக் கொழும்புக்கு வர, நான் இஞ்சை பந்தற்கால் நட்டுக்கொண்டு நிண்டன்" என்பார். 2018இல் அவர் காலமானார்.

இனி நான் எழுதப்போவதை எழுதாமல் விடலாமோ என்று பலமுறை எண்ணினேன். எங்கள் வளவில் பத்துப் பனைகள் உண்டு. அவற்றைச் சீவுவதற்கு ஒருவர் வருவார். அம்மப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர். அம்மப்பா அவரை 'ன்' விகுதியில் முடியும் பாதிப் பெயரால் அழைப்பார்; 'நீ', 'வா', 'போ' என்பார். அவர் 'ஐயா' என்பார். வேலி மூலையில் அவருக்கென்று ஒரு தகரப் பேணி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். கொடியது என்று எவரும் எண்ணியதில்லை; அதுவே வழக்கம். பத்து வயதுவரை நானும் அவரை அப்பாதிப் பெயராலேயே அழைத்தேன்.

சாவி கொடுக்கும் அந்தக் கிராமபோனில் தட்டுச் சுழலும்போது, அவர் பனையடியில் நின்று இடுப்பில் தொங்கிய முட்டியில் விரல்களால் தாளம் போடுவதைக் கண்டிருக்கிறேன். தாளம் ஓரிடத்திலும் பிசகியதில்லை.

மேரி ஹமில்ரனின் வழக்கை நூலகத்தில் வாசித்த அன்று, அந்தப் பனையடிதான் என் நினைவுக்கு வந்தது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் மூன்றாவது ட்ரம்பெட் ஊதியவனின் பெயரை இரவு விழித்து எழுதிவைத்த கொப்பியில், நாள்தோறும் வளவுக்கு வந்த மனிதரின் முழுப்பெயர் இல்லை. அவருக்கு ஒரு முழுப்பெயர் இருக்கும் என்ற எண்ணமே எங்கள் வீட்டில் எழவில்லை.

சென்ற விடுமுறையில் அவர் வீட்டுக்குச் சென்றேன். இப்போது நடக்கமுடியாமல் திண்ணையோடு இருக்கிறார். நான் 'ஐயா' என்றதும் பின்னால் யாராவது நிற்கிறார்களோ என்று பார்த்தார். உங்கள் முழுப்பெயர் என்ன என்று கேட்டேன்.

"ஏன் தம்பி, பதிவுக்கோ?" என்றார். பின்னர் சொன்னார். சொல்லிவிட்டு, "பள்ளிக்கூட இடாப்பிலயும் அரைவாசிதான் எழுதினவை" என்றார்.

பேத்தி தேநீர் கொண்டுவந்தாள். வழியாற் போன ஒருவர் படலையில் நின்று, "அண்ணாவியார், சுகமோ?" என்று குரல் கொடுத்தார். அப்போதுதான் அறிந்தேன்: காத்தவராயன் கூத்தை மூன்று தலைமுறைக்குப் பழக்கியவர் அவர். மத்தளத்தோடு விடியும்வரை அவையை நடத்தியவர். அவருடைய மக்களிடையே அவர் பெயர் அண்ணாவியார். அரை மைல் தூரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அப்பட்டம் ஒருநாளும் வந்து சேரவில்லை.

புறப்படும்போது அவர் ஒன்று கேட்டார்: "தம்பி, உங்கட கொய்யா ஒரு தட்டுப் போடுவர், ஆள் அழுகிறமாதிரி ஒரு ஊதல் வரும். ஆர் அது ஊதினது?"

ற்றிக்கி சாம் என்றேன். பெயர்க் காரணத்தையும் சொன்னேன். கேட்டுச் சிரித்தார். "ஆள் விண்ணன்தான். பட்டம் பொருத்தம்" என்றார்.

அம்மப்பாவின் மீது எனக்குக் கோபம் இல்லை என்று கூறினால் அது பொய். அன்பு இல்லை என்றாலும் பொய். ஊதினவனின் பெயரைத் தேடிப் பிடிக்க எனக்குக் கற்பித்தவர் அவரே. கொப்பியின் கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் அண்ணாவியாரின் முழுப்பெயரையும், அதன் கீழ் 'மத்தளம்' என்பதையும், மற்றவர்களுக்கு அம்மப்பா எழுதிய அதே முறையில் எழுதி வைத்திருக்கிறேன். அச்சில் வருவதற்கு அவரிடம் அனுமதி கேட்கவில்லை. ஆதலால் இங்கு அதனைத் தரவில்லை. அடுத்த விடுமுறையில் கிராமபோனை அவர் திண்ணைக்குக் கொண்டுசெல்ல எண்ணியிருக்கிறேன்.