சம்பங்கிக்குச் சொந்த ஊர் எது?

காவலூரில் டாஃபடில் பூக்காது. ஜவ்வாது மலையின் இந்தப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரம். மார்கழி இரவில் போர்வை இல்லாமல் வெளியே நிற்க முடியாது. ஆனாலும் அந்தக் கிழங்குக்கு இந்தக் குளிர் போதாது. டாஃபடில் கிழங்குக்குள் பூமொட்டு முந்தின கோடையிலேயே உருவாகிவிடும். அது தண்டு நீட்டி மண்ணுக்கு மேலே வர, 9 டிகிரி செல்சியஸுக்கும் கீழான குளிரில் ஏறக்குறைய 12 முதல் 16 வாரம் கிடந்தாக வேண்டும். அந்தக் காத்திருப்பு கிடைக்காவிட்டால் இலை மட்டும் விட்டு ஓய்ந்துபோகும். நம் நாட்டில் அதன் இனத்தைக் காஷ்மீரில் பார்க்கலாம். அங்கே நர்கிஸ் பூக்கிறது.

வெளிநாட்டில் படிக்கும் என் தம்பி மகள் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம ஊர்ல கிழங்கு வெச்சுப் பூ எடுக்கிறதே கிடையாதா பெரியப்பா?" என்றாள். ஏன் இல்லை? மழைக்காலத்தில் இந்த மலைப் புதர்களில் செங்காந்தள் தீப்பிடித்தாற்போலப் பூத்திருக்கும். அதுவும் மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து எழுவதுதான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் முதலில் நிற்பதே காந்தள். அதன் வேரைத் தேடி நான் எங்கும் போக வேண்டியதில்லை. அவளுக்குப் பதில் சொல்லும்போது என் வாயில் வந்த இரண்டாவது பெயர்தான் என்னை நிறுத்தியது: சம்பங்கி. கல்யாண மாலையிலும் சாமி மாலையிலும் சாவு வீட்டு மாலையிலும் இருக்கிற அந்த வெள்ளைப் பூ கபிலரின் பட்டியலில் இல்லை. அங்கே இருக்கும் சண்பகம் மரத்தில் பூப்பது, வேறு செடி. அப்படியானால் இது எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது?

முதலில் தோட்டத்துக்குப் போனேன். மலையிறங்கினால் ஆலங்காயம். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கால் காணியில் நிலச்சம்பங்கி வைத்திருக்கும் ஒரு அம்மா, பழைய தூர் ஒன்றை மண்வெட்டியால் பெயர்த்து என் முன்னால் போட்டார். மண்ணை உதறியதும் நடுவில் சுருங்கிப்போன ஒரு கிழங்கு. அதன் மேல் காய்ந்த பூத்தண்டின் அடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிலும் பழுப்புத் தோல் போர்த்திய குட்டிக் கிழங்குகள், பெரியதும் சிறியதுமாக நெருக்கியடித்துக்கொண்டு. "நடுவுல இருக்கிறது பூத்து முடிஞ்சது சார். அது இனிமே பூக்காது. சுத்தி இருக்குதே, அதுங்கதான் அடுத்த போகம்" என்றார். பெரிய குட்டிகளைப் பிரித்து நிழலில் ஒரு மாதம் பரப்பி வைப்பார்களாம். ஆனி, ஆடியில் நட்டால் மூன்று மாதத்தில் பூத்தண்டு எழும். ஒரு தடவை நட்டது மூன்று வருஷம் பூவெடுக்க நிற்கும். அதற்குப் பிறகு தோண்டிப் பிரித்து வேறு பாத்தி. ஒரு மாதம் உலர்ந்து கிடந்தால் போதும், குளிர் வேண்டாம். டாஃபடிலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். டாஃபடில் பனிக்காலத்தைத் தாண்டப் பழகிய செடி. சம்பங்கி வறட்சியைத் தாண்டப் பழகியது.

வறட்சிக்குப் பழகிய செடி என்றதும் நம் பக்கத்துச் செடியாக இருக்கலாம் என்ற ஆசை வந்தது. நூலகத்தில் அந்த ஆசை நிற்கவில்லை. ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பின் மருத்துவர் பிரான்சிஸ்கோ எர்னாண்டஸ் 1571 முதல் 1577 வரை மெக்சிகோவில் இருந்து அங்குள்ள செடிகொடிகளைப் பதிவு செய்தார். ஆஸ்டெக் மக்கள் ஓமிசோச்சிட்டில் என்று அழைத்த ஒரு வெள்ளைப் பூ அவர் பதிவில் இருக்கிறது. நம் சம்பங்கிதான் அது. கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி என்பது மெக்சிகோ மேட்டுநிலத்தின் பருவம். அங்கே பிறந்த கிழங்கு ஆலங்காயத்தில் ஆடியில் முளைப்பதில் வியப்பில்லை.

ஆனால் ஐரோப்பாவுக்கு இந்தக் கிழங்கு போய்ச் சேர்ந்தபோது வேறு முகவரியோடு சேர்ந்தது. லெய்டன் நகரில் ஹாலந்தின் பூங்கிழங்குத் தொழிலுக்கே வித்திட்டவர் என்று போற்றப்படும் க்ளூசியஸ் இதை இந்திய ஹயசிந்த் என்று எழுதிவைத்தார். 1629இல் லண்டனில் வெளிவந்த பார்க்கின்சனின் தோட்ட நூலிலும் இது இந்தியப் பூதான். அன்றைய ஐரோப்பியருக்கு அமெரிக்கக் கண்டமும் 'இந்தியா'தான் என்பதை நினைவில் வைக்காமல் படித்தால், நம்மிடமிருந்து அங்கே போன பூ என்றே தோன்றிவிடும். எனக்கும் சில நாள் அந்த மகிழ்ச்சி இருந்தது. எர்னாண்டஸின் காலக்கணக்கு அதைக் கலைத்தது.

கிழக்கே வந்த வழிக்கும் தடயம் உண்டு. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. டச்சுக் கம்பெனியின் ஊழியராக இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வாழ்ந்து, கண்பார்வை போன பிறகும் செடிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ரம்ஃபியஸ் 1702இல் இறந்தார். அவர் நூலில் இந்தப் பூ இரவின் தோழியாக இடம்பெற்றிருக்கிறது. அதாவது 17ஆம் நூற்றாண்டிலேயே நம் பக்கத்துக் கடலுக்கு வந்துவிட்டது. கப்பலில் மாதக்கணக்கில் வர, ஈரமில்லாத மூலையில் கிடந்தாலும் உயிரோடு இருக்கிற செடியாக இருக்க வேண்டும்; நிழலில் பரப்பிய அந்தக் கிழங்குகளைப் பார்த்தவர்களுக்கு இதை நம்புவது கடினமில்லை.

ரம்ஃபியஸ் இரவைச் சேர்த்துப் பேசியது காவலூரில் நிற்பவருக்குச் சட்டென்று புரியும். வானியலாளர் வைணு பாப்பு 1960களின் இறுதியில் இங்கே வானாய்வகம் அமைத்ததே இந்த இருட்டுக்காகத்தான். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது, 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி. விளக்கு வெளிச்சம் படாத இப்படிப்பட்ட இரவுக்கு ஏற்றதாகவே சம்பங்கியும் அமைந்திருக்கிறது. தண்டில் கீழிருந்து மேலாக, பொழுது சாயும்போது மொட்டு அவிழும். மெழுகு பூசினாற்போன்ற வெள்ளை இதழ். லேசாக வளைந்த நீண்ட குழல். இருட்டிய பிறகு ஏறும் வாசனை. நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட இரவு அந்துப்பூச்சியை அழைப்பதற்கான ஏற்பாடு இது. பறித்த பிறகும் மணத்தைச் சுரந்துகொண்டே இருப்பதால்தான் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் உதிரிப்பூவை வாங்கி வாசனை எடுக்கிறார்கள். உலகத்து நறுமணத் தைலங்களில் அது சேர்கிறது.

தேடலில் என்னை மிகவும் அசைத்தது உறவுமுறை. 19ஆம் நூற்றாண்டின் பெந்தம்–ஹூக்கர் வகைப்பாட்டில் டாஃபடிலும் சம்பங்கியும் ஒரே குடும்பம். தம்பி மகளின் கேள்வி ஒரு வகையில் பழைய புத்தகத்தின்படி சரியான கேள்விதான். பிறகு மரபணு ஆராய்ச்சி இரண்டையும் பிரித்தது. 2020இல் சம்பங்கியை ஆனைக்கற்றாழையின் பேரினத்துக்குள்ளேயே சேர்த்து, அகாவே அமிகா என்று பெயர் மாற்றினார்கள். அமிகா என்பது ரம்ஃபியஸ் சொன்ன அதே தோழி. ரயில் பாதையோரம் முள் நுனியோடு நிற்கும் ஆனைக்கற்றாழையும் மெக்சிகோவிலிருந்து வந்ததே. அது பல வருஷம் இலையாக நின்று, ஒரே ஒரு முறை உயரமாகப் பூத்தண்டு நீட்டிச் சாகும். பக்கக் கன்றுகள் பிழைக்கும். தூரின் நடுவில் சுருங்கிக் கிடந்த கிழங்கு உடனே கண்முன் வந்தது. அந்த அம்மா ஒரு மண்வெட்டி வீச்சில் காட்டியதைத்தான் வகைப்பாட்டாளர்கள் ஆய்வகத்தில் கண்டடைந்திருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மெக்சிகோவில் போய் இறங்கினாலும் காட்டுச் சம்பங்கி கிடைக்காது. அதன் நெருங்கிய உறவுகள் அங்கே காடுகளில் உண்டு; இந்தச் செடி மனிதர் வளர்ப்பில் மட்டுமே அறியப்பட்டிருக்கிறது. ஆஸ்டெக் காலத்திலோ அதற்கு முன்போ யாரோ தோண்டிப் பிரித்து நட்டது, கையிலிருந்து கைக்கு மாறியே இன்றுவரை வந்திருக்கிறது. சத்தியமங்கலத்திலும் ஆலங்காயத்திலும் மூன்று வருஷத்துக்கொரு முறை தூர் பெயர்க்கிறவர்கள் அந்த வேலையைத்தான் தொடர்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, விதைக்கிழங்கு பிரிக்கும் வேலையை வெறும் கூலி வேலையாக என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த அம்மாவிடம் திரும்பப் போய் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு, தன் கிழங்கு மாமியார் ஊரிலிருந்து மூட்டையில் கட்டி வந்தது என்றார். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் ரகத்தின் காம்பு பெரியதாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறாராம். "இதுல நூற்புழு விழுது சார். அந்தக் கிழங்கு கொஞ்சம் கெடைக்குமான்னு பாருங்க, ஆனிக்குள்ள வேணும்" என்றார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.