வெயில் தாங்காத விரல்கள்

உயர்தர இரசாயனவியலில் பல்பகுதியங்கள் என்ற பாடத்தைப் பரீட்சைக்காகத்தான் படித்து வந்தேன். அது ஒரு மனிதரின் கையாகவும் இருக்கலாம் என்பதைக் கண்டாவளையில் பார்த்தேன்.

வாப்பாவின் கூட்டாளி ஒருவர் அங்கே வயல் செய்கிறார். யுத்தத்தில் வலக்கை விரல்களை இழந்தவர். யாரோ உதவியாக முப்பரிமாண அச்சில் எடுத்த கையொன்றைக் கொடுத்திருந்தார்கள். மணிக்கட்டை மடித்தால் நூல்கள் இழுபட்டு விரல்கள் மூடும். ஒரு சிறுபோகத்தில் அதைக் கழற்றி உழவு இயந்திரத்தின் பொனட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாராம். திரும்பி வந்தபோது விரல்கள் வாடின வெற்றிலைபோல வளைந்து கிடந்தன.

“உருகின கைக்காரன் நான்தான் பிள்ளை” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது பழைய டயர் ட்யூப் பட்டியால் மண்வெட்டிப் பிடியை மணிக்கட்டோடு கட்டிக்கொண்டு வேலை செய்கிறார். ட்யூபும் பல்பகுதியம்தான், அது வளையும், உருகாது.

அந்தக் கை அநேகமாகப் பொலிலக்டிக் அமிலம், அதாவது பீ.எல்.ஏ. சோளம், கரும்பு போன்றவற்றின் மாப்பொருளிலும் சீனியிலும் இருந்து வருவது. ஏறத்தாழ 200 பாகை செல்சியஸில் உருக்கி, மெல்லிய இழையாகப் படை படையாக அடுக்குவார்கள். மலிவு, மணமில்லை, அச்சிடவும் சுகம். ஆனால் 60 பாகையளவிலேயே இளகிவிடும். வேடிக்கை என்னவென்றால், இப்படியான கைகளின் சில பாகங்களைச் சுடுநீரில் தோய்த்து இளக்கித்தான் அணிபவரின் கையளவுக்கு வளைக்கிறார்கள். அங்கே குணமாக இருந்தது இங்கே பொனட்டில் குற்றமாகிவிட்டது.

ரோபோ செய்பவர்களுக்கும் இதே கவலைதான். பிரான்ஸ் நாட்டுச் சிற்பி கயேல் லாங்ஜெவான் 2012 ஜனவரியில் ‘இன்மூவ்’ என்ற ஆளுயர ரோபோவை அச்சிடத் தொடங்கி, வரைபடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். அதன் விரல்களையும் நூல்தான் இழுக்கிறது; மணிக்கட்டுக்குப் பதில் சிறு மோட்டர். லெகோ கட்டைகள் செய்யும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 100 பாகை வரை தாங்கும். ஆனால் அச்சிடும்போது குளிர்ந்து சுருங்கி ஓரங்கள் கிளம்பும், ஆவியும் நல்லதல்ல. தேய்கிற பற்சில்லுக்கு நைலோன் நல்லது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும், மாரி காலத்தில் சுருளை மூடிவைக்க வேண்டும். பிடி வழுக்காமல் இருக்க விரல்நுனிக்கு இறப்பர் போன்ற டீ.பி.யூ. வெயிலில் கிடக்கும் பாகத்துக்கு ஏ.எஸ்.ஏ. உகந்தது.

வன்னி வெயிலுக்கு எது சரி என்று அனுப்பியவர்கள் ஒருதரமாவது கேட்டிருக்கலாம் என்றே நினைக்கிறேன். வரைபடம் இலவசமாகவே கிடைக்கிறது. அதே விரலை வேறு சுருளில் அச்சிட ஒரு இரவு போதும். குறைந்தபட்சம் கையின் உட்புறத்தில், இது என்ன பிளாஸ்டிக், எவ்வளவு சூடு தாங்கும் என்று தமிழில் ஒரு வரி பொறித்துக் கொடுக்கலாம். அச்சு இயந்திரத்துக்கு அது ஐந்து நிமிட வேலை.