நான் எழுதிய ‘5 டிப்ஸ்’... என் வீட்டு ஜன்னலிலேயே வந்து நின்றது!

“பாப்பா, நீ எழுதினதைப் படிச்சுட்டுத்தான் அட்வான்ஸ் குடுத்தேன்” என்று அப்பா போனில் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எதைப் படித்தார் என்று கேட்டதும் அந்தப் பெருமை போய்விட்டது.

டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த புதிதில் எழுதியது அது. ‘கரன்ட் பில்லைக் குறைக்கும் ஜன்னல்கள்... 5 டிப்ஸ்!’ இரட்டைக் கண்ணாடி போடுங்கள், இடுக்கே இல்லாமல் மூடுங்கள், பழைய மர ஜன்னல்களைக் கழற்றுங்கள் என்று எழுதியிருந்தேன். குளிர்நாட்டு வீடுகளுக்குச் சொல்லப்பட்டதைப் பார்த்து, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக்கொடுத்தேன். கட்டுரை நன்றாகவே ஓடியது. ஓடி ஓடி, மரக்காணத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே உப்பளம். தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீடு. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்து, சில மணி நேரம் நகராமல் அங்கேயே நின்றது நினைவிருக்கிறதா? அந்த இரவில்தான் நடு அறையின் கிழக்கு ஜன்னல் சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு போனது. முன்கதவின் அடிப்பகுதி தண்ணீரில் ஊறி, உப்பிப்போனது. அப்பா உப்பளத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். கையிலிருந்த பணத்தில், “ஒரேயடியா நல்லதா போட்டுடலாம்” என்று நினைத்திருக்கிறார். ஒரு கடையில் 15,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். கிழக்கில் ஒரே ஒரு பெரிய ஸ்லைடிங் ஜன்னல், அதில் இரட்டைக் கண்ணாடி. வெயில் கொளுத்தும் மேற்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவது. பிறகு ஓர் ஏ.சி. இதுதான் திட்டம்.

அந்த மேற்கு ஜன்னல் ஆயாவுடையது. முப்பது வருடத்துக்கு மேல் உப்பளத்தில் உப்பு சுமந்தவர். இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை. தை, மாசியில் பாத்தி கட்டத் தொடங்கினால், மழைக்கு முன் கடைசிக் குவியலுக்குக் கீற்று போடும்வரை அந்த ஜன்னலோரக் கட்டிலிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருப்பார். “காத்தை அடைச்சுட்டு, அப்புறம் காத்துக்குக் காசு கட்டப் போறீங்களா?” என்று மட்டும் கேட்டாராம். அப்பா அதற்கு என் கட்டுரையைக் காட்டியிருக்கிறார்.

அந்த சனிக்கிழமையே ஊருக்குப் போனேன். இந்த முறை ஒழுங்காகப் படித்துவிட்டுப் போனேன்.

இரட்டைக் கண்ணாடி மோசமான பொருள் இல்லை. உள்ளே 20 டிகிரி, வெளியே பூஜ்ஜியம் என்று இருக்கிற ஊரில் அது வீட்டின் சூட்டைக் காப்பாற்றும். நாள் முழுக்க ஏ.சி ஓடும் அலுவலகத்திலும் பயன்படும். ஆனால், ஏ.சி இல்லாத எங்கள் நடு அறையில் உள்ளுக்கும் வெளிக்கும் நாலைந்து டிகிரிகூட வித்தியாசம் இருக்காது. இங்கே சூடு வருவது ஓட்டின் வழியாகவும், நேராக விழும் வெயிலாலும்தான். அதற்கு மேல் கடற்கரைப் புழுக்கம். வியர்வையை உலர்த்தக் காற்று வேண்டும். அதை விட்டுவிட்டு எவ்வளவு விலையுயர்ந்த ஜன்னல் போட்டாலும் ஃபேனை ஐந்தில்தான் வைக்க வேண்டும்.

மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ 2018-ல் ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்று வீடுகளுக்கான விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. எங்களைப் போன்ற சின்ன வீடுகளுக்கு அது கட்டாயமில்லை. ஆனால், அதில் ஓர் அருமையான கணக்கு இருக்கிறது. நம் கடற்கரை போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள பகுதிகளில், தரைப் பரப்பில் குறைந்தது ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய ஜன்னலும், வெளியே திறக்கும் கதவுமாக இருக்க வேண்டும். கவனியுங்கள், ‘திறக்கக்கூடிய’! கீலில் திறக்கும் ஜன்னலில் 90 சதவிகிதம் திறக்கும். இரண்டு பலகை ஸ்லைடிங் என்றால் பாதிதான்.

இது மொத்த வீட்டுக்கான கணக்கு. நான் டேப் பிடித்து நடு அறைக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். 12-க்கு 10 அடி அறை, 120 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு 20. தாத்தா வைத்த 3-க்கு 4 அடி ஜன்னல்கள் இரண்டும் சேர்ந்து திறப்பது 21 சதுர அடிக்கு மேல். எங்கள் புதிய திட்டத்தின் 5-க்கு 4 அடி ஸ்லைடிங் ஜன்னல் திறப்பது வெறும் 10. அதுவும் எதிர்ச் சுவரை அடைத்துவிட்டால், உள்ளே வரும் காற்று போக வழியே கிடையாது. தாத்தா எந்த விதித்தொகுப்பையும் படித்தவரில்லை.

‘ஜன்னல்’ போர்த்துக்கீசியர் கொடுத்த சொல். அதற்கு முன்னால் தமிழில் இருந்த சொற்களில் ஒன்று ‘காலதர்’. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப எதுக்கும்மா அப்படி எழுதினே?” என்றார். பதில் இல்லை.

பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து முடிவெடுத்தோம். கிழக்கில் யு.பி.வி.சி ஜன்னல்தான், ஆனால் ஸ்லைடிங் இல்லை. அதன் அடித்தண்டவாளத்தில் மணலும் உப்புத்தூளும் சேர்ந்தால் சக்கரம் சிக்கிக்கொள்ளும். அதனால், வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல், ஒற்றைக் கண்ணாடி. கடலிலிருந்து அடிக்கிற காற்று மூடிய ஜன்னலைச் சட்டத்தோடு இன்னும் அழுத்தி மூடும். யு.பி.வி.சி துருப்பிடிக்காது. ஆனால், அதன் கீல், திருகு, பூட்டு எல்லாம் உலோகம். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்றால் போதும் என்று நினைத்திருந்தேன். பரவலாகக் கிடைக்கும் 304 ரகம் உப்புக்காற்றில் பழுப்பு ஏறிவிடும். மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம்தான் கடலோரத்துக்குத் தாங்கும் என்பதால், அதை பில்லில் எழுதித்தரச் சொன்னோம். இரும்புக் கம்பி மட்டும் வேண்டவே வேண்டாம். துரு ஏறினால் இரும்பு பருக்கும். பழைய ஜன்னல் சட்டம் வெடித்திருந்ததற்கு அதுதான் காரணம். புயல் வந்து மிச்சத்தை முடித்துவைத்திருக்கிறது. கொசுவலை, துருப்பிடிக்காத ஃபைபர் வலை. வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும்தான். அதற்காகக் கொசுவோடு குடும்பம் நடத்த முடியுமா?

முன்கதவை மாற்றவில்லை. ஆசாரி வந்து தட்டிப்பார்த்து, “மேல எல்லாம் வைரம் பாஞ்ச வேம்பும்மா” என்றார். உளுத்துப்போன அடியை மட்டும் அறுத்தெடுத்து, புது மரத்தை ஒட்டுப்போட்டு, பித்தளைக் கீல் மாட்டிக்கொடுத்தார்.

மேற்கு ஜன்னலில்தான் இழுபறி. அப்பா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சித்திரை வெயில் மூன்று மணிக்கு மேல் சாய்வாக சன்ஷேடுக்குக் கீழே நுழைந்துவிடும். போதாக்குறைக்கு உப்புக் குவியலின் வெள்ளைக் கூச்சம். உள்ளே கனத்த திரை போடலாம் என்றேன். ஆசாரிதான் திருத்தினார். வெயில் உள்ளே வந்த பிறகு திரை என்ன செய்யும்? சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்தாயிற்றே! வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, கயிறு இழுத்தால் சுருளும்படி. வெயில் தட்டியிலேயே நின்றுவிடுகிறது. மதியம் கிழக்கே நுழையும் கடல்காற்று, தட்டிக்குப் பின்னால் புகுந்து வெளியேறுகிறது.

ஏ.சி இப்போதைக்கு இல்லை. முன்பணத்தில் 10,000 திரும்பி வந்தது. மீதி 5,000-த்தை என் சம்பளத்திலிருந்து அப்பாவுக்குக் கொடுத்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை!

ஐந்து மணிக்கு ஆயா கயிறைத் தானே இழுத்துத் தட்டியைச் சுருட்டுகிறார். “மூணாவது பாத்தில உப்பு இன்னும் வாரல பாரு” என்றார் நேற்று.

எடிட்டரிடம் சொல்லி அந்தப் பழைய கட்டுரையைத் திருத்தி எழுதிவிட்டேன். ஆனால், அப்பா பழையதையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எப்போதோ அனுப்பிவிட்டிருக்கிறார். கூனிமேட்டிலிருந்து அத்தை, ‘டபுள் கிளாஸ் எவ்ளோ ஆகும்டி?’ என்று ஜன்னல் அளவோடு போட்டோ அனுப்பியிருக்கிறார். வரும் சனிக்கிழமை டேப்போடு போக வேண்டும்.