சின்னப் பள்ளிக்கூடமும் தரம் என்ற சொல்லும்

'தரம்' என்ற சொல்லை இம்மாதிரிப் பத்திரிகைகளில் நாம் சற்றுத் தாராளமாகவே புழங்கி வந்திருக்கிறோம். க.நா.சு. பட்டியல் போடுகிறார் என்று குறைப்பட்டவர்களும் தங்களுக்கென்று ஒரு பட்டியலை மனதில் வைத்துக்கொண்டுதான் குறைப்பட்டார்கள். ஒரு கவிதை தரமானதா என்று கேட்டால் வாசித்துப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்தை அப்படி வாசித்து முடிக்கப் பன்னிரண்டு வருஷம் ஆகும். அதற்குள் குழந்தைக்கு மீசை முளைத்துவிடும்.

என் மகள் படிக்கும் பள்ளியில் 43 குழந்தைகள். ஏழு ஆசிரியர்கள், அவர்களில் இருவர் அரைநாள். ஓட்டுக் கூரை, வேப்ப மரம், ஒரு குயவர் சக்கரம். ஏழாம் வகுப்புவரை பரீட்சை இல்லை. பத்தாம் வகுப்பைத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதிக்கொள்ளலாம். ஆசிரியர்களை மிஸ், சார் என்று அழைக்கும் வழக்கம் கிடையாது, அக்கா, அண்ணாதான். இவ்வகைப் பள்ளிகளின் வம்சாவளி நமக்குத் தெரிந்ததே. 1896இல் டூயி சிகாகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளி, 1901இல் சாந்திநிகேதன், 1921இல் நீலின் சம்மர்ஹில், 1939இல் அடையாறுக்கு வந்து யுத்தத்தால் இங்கேயே தங்க நேர்ந்த மாண்டிசோரி. எங்கள் பெற்றோர்களில் நான்கு பேராவது 'டோட்டோ-சான்' படித்துவிட்டு வந்தவர்கள். அந்த ரயில்பெட்டி வகுப்பறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

பெற்றோர் கூட்டம் சனிக்கிழமை மாலைகளில், பாயில் உட்கார்ந்து. போன வருஷம் ஒரு கூட்டத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எழுந்து, "எங்க பையன எட்டாவது முடிச்சு வேற ஸ்கூல்ல போட்டா நிப்பானாங்க அக்கா?" என்று கேட்டார். பள்ளியை நடத்தும் அக்கா சிரித்துக்கொண்டே, "நிக்கணுமா? ஓடட்டுமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாளும் சிரிக்கவில்லை. அவர் தையல் கடை வைத்திருக்கிறார். அந்த வருமானத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுகிறார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. நம் கூட்டங்களில் யாராவது எளிய வாசகர், "இந்தக் கவிதைக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டால் எழுகிற அதே சிரிப்பு. கேள்வி கேட்டவனைவிட நாம் ஒரு படி மேலே நிற்கிறோம் என்ற செளகரியம் அதில் இருக்கிறது. மதிப்பெண்ணை ஏசும் நம்மில் பலர் வங்கியிலோ தபால் அலுவலகத்திலோ மதிப்பெண் வாங்கித் தந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் ஏசுகிறோம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் முப்பதுகளில் இந்தக் கேள்வியை நேராகவே கேட்டுப் பார்த்தார்கள். எட்டாண்டு ஆய்வு என்று பெயர். சுமார் முப்பது பள்ளிகளுக்குப் பாடத்திட்டத்தைத் தம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ள அனுமதி. சுமார் 300 கல்லூரிகள் இந்தப் பள்ளி மாணவர்களுக்கு வழக்கமான நுழைவு நிபந்தனைகளைத் தளர்த்தச் சம்மதித்தன. பிறகு இவர்களில் 1,475 பேரை, வயது, குடும்பச் சூழல், திறமை ஆகியவற்றில் ஒத்த, சாதாரணப் பள்ளிகளிலிருந்து வந்த 1,475 பேருடன் ஜோடி ஜோடியாக வைத்துக் கல்லூரியில் கவனித்தார்கள். சோதனைப் பள்ளிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. சற்று முன்னாலும் இருந்தார்கள். மிகத் துணிந்து மாற்றிய பள்ளிகளிலிருந்து வந்தவர்களிடம் அந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகவே தெரிந்தது. அறிக்கை 1942இல் வெளிவந்தது. யுத்த இரைச்சலில் அதை யார் கவனித்தார்கள்!

எங்கள் அக்கா இந்த ஆய்வை அடிக்கடி மேற்கோள் காட்டுவார். கல்லூரிகள் முதலில் கதவைத் திறந்து வைத்தன என்ற பகுதியை மட்டும் விட்டுவிடுவார். தமிழ்நாட்டில் அந்தக் கதவை யாரும் திறந்து வைக்கவில்லை. பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007இல் எடுக்கப்பட்ட பின் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. மருத்துவத்துக்கு 2017 முதல் நீட். இரண்டில் எதற்கும் குயவர் சக்கரம் தெரியாது.

தையல்கடை அம்மாள் கூட்டம் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது என் மனைவியிடம் சொன்னார்: "நீங்க வீட்ல சொல்லிக் குடுத்துருவீங்க டீச்சர். எனக்கு மார்க் சீட்டுல போட்டாதான் தெரியும்." 1975இல் பேசில் பெர்ன்ஸ்டைன் புலப்படும் கற்பித்தல், புலப்படாத கற்பித்தல் என்று பிரித்து எழுதியதன் சாரம் இதில் முழுசாக இருக்கிறது. விதிகள் வெளியே தெரியாத பள்ளியில், அந்த விதிகளை வீட்டிலேயே கற்றுவந்த குழந்தைதான் பிழைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் இரண்டு அலமாரி புத்தகம். அவர் பிள்ளைகள் எதைச் சாய்ந்து நிற்பார்கள்? மதிப்பெண் அவர்களுக்கு ஒரு பத்திரம். சாதியையோ உச்சரிப்பையோ காட்டி யாரும் செல்லாது என்று தள்ளிவிட முடியாத பத்திரம்.

இதனால் இம்முறையே ஏழைகளுக்கு ஆகாது என்று முடிவு கட்டுவதற்கும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அட்டை, ஏணி, பாய் என்று செயல்வழிக் கற்றல் வந்தது. ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறைதான் அது. பின்னர் மாநிலம் முழுக்கப் போயிற்று. அதில் ஏணியின் எந்தப் படியில் நிற்கிறோம் என்று குழந்தைக்கே தெரியும். எங்கள் பள்ளியில் ஏணி இருக்கிறதா என்பதே என் கேள்வி.

என் மனைவி அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் அவள் சிநேகிதிகள் இருவரையும் உட்காரவைத்து, முக்காலை அரையால் வகுக்கச் சொன்னாள். மூன்றும் ஏழாம் வகுப்பு. மகள் ஒரு தோசை வரைந்தாள். கால் பங்கை அழித்தாள். மீதியில் எத்தனை அரை இருக்கிறது என்று பார்த்து, "ஒண்ணரை" என்றாள். பத்து நிமிஷம் ஆயிற்று. ஆனால் வகுத்தால் ஏன் பெரிசாகிறது என்பதை ஆசையாக விளக்கினாள். அடுத்து, முக்காலை ஐந்தில் இரண்டால் வகுக்கச் சொன்னபோது தோசை உதவவில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கொஞ்சமும் கூச்சமில்லாமல், "நாங்க இன்னும் அதுக்கு வரல" என்றார்கள்.

"என் கிளாஸ்ல எல்லாம் தலைகீழாக்கிப் பெருக்கிடுவாங்க. ஏன்னு கேட்டா ஒருத்திக்கும் தெரியாது" என்றாள் மனைவி. சற்றுப் பொறுத்து, "பயமில்லாம இருக்குதுங்க. அது பெரிசுதான். ஆனா எப்ப வருவாங்களாம்?" என்றாள்.

விசாரித்ததில் விஷயம் கொள்கை சம்பந்தப்பட்டதே அல்ல என்று தெரிந்தது. கணக்கு சொல்லிக்கொடுத்த அண்ணா ஆடி மாதம் மேல்படிப்புக்குப் போய்விட்டார். அதற்கு முந்தைய வருஷத்து அக்கா கல்யாணமாகிப் போனார். சம்பளம் அப்படி. மாற்றாள் வரும்வரை கணக்கு நேரத்தில் நாடகம் போட்டிருக்கிறார்கள். நாடகம் நன்றாகவே இருந்தது. நானே போய்ப் பார்த்துக் கைதட்டினேன். கதையும் மண்வேலையும் ஆறு மாத இடைவெளியைத் தாங்கும். கணக்கு தாங்காது, அது ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கிற சமாசாரம். ஆகவே இம்மாதிரிப் பள்ளியின் படிப்புத் தரத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் தத்துவ அறிக்கையை வைத்துவிட்டு, கணக்கு நோட்டில் தேதிகளைப் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். எங்கள் மகளின் நோட்டில் ஆடி 10க்குப் பிறகு ஐப்பசிதான்.

அடுத்த கூட்டத்தில் நான் கேட்டேன்: கணக்குக்கு யார், எவ்வளவு நாளைக்கு, அவருக்கு என்ன சம்பளம், அதற்காகக் கட்டணத்தைக் கூட்டினால் முடியாதவர்களுக்கு என்ன வழி. அக்காவின் முகம் மாறிவிட்டது. "நீங்களுமா இதக் கேக்கறீங்க?" என்றார். பதினைந்து வருஷம் தன் சேமிப்பைப் போட்டு நடத்துகிறவர். அவர் வருத்தத்தில் போலி இல்லை. ஐந்நூறு பிரதி அச்சடித்துவிட்டு, வராத சந்தாவைப் பற்றி யாராவது கேட்டால் நமக்கு வருகிற அதே வருத்தம். லேத் பட்டறைக்காரர்தான் பேச்சை மீட்டார். "குத்தம் சொல்லலீங்க அக்கா. புள்ள எங்க நிக்கிதுன்னு எங்களுக்குச் சொல்லிருங்க, அவ்வளவுதான்."

தை முதல் பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வருகிறார். தன்னை அண்ணா என்று கூப்பிடக்கூடாது, தாத்தா என்றோ சார் என்றோ கூப்பிடு என்றாராம். தினம் பத்துக் கணக்கு போடச் சொல்கிறார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. பத்து அதிகம், ஆறாக்கலாம் என்று பிள்ளைகள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். அவர் எட்டுக்கு இறங்கி வந்திருக்கிறார். தையல்கடை அம்மாள் பெரிய பையனை மட்டும் ஜூனில் அரசுப் பள்ளிக்கு மாற்றுகிறார். சின்னவள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.