எந்தச் சின்னம்?

ரவிக்குமார் எனக்கு முதலில் எழுத்தாளர்தான். 'நிறப்பிரிகை' ஆசிரியர்களில் ஒருவர், சட்டம் படித்தவர், மக்கள் சிவில் உரிமைக் கழகத்தில் இயங்கியவர், 2003-ல் எஸ். ஆனந்தோடு சேர்ந்து 'நவயானா' பதிப்பகம் தொடங்கியவர். சாதிக்கு எதிராக இவ்வளவு எழுதியவர் 2019-ல் எங்கள் விழுப்புரம் தனித்தொகுதியின் வேட்பாளர். வளவனூர் டீக்கடையில் அவர் என்ன எழுதினார் என்று யாரும் கேட்கவில்லை. "எந்தச் சின்னம்பா?" என்றுதான் கேட்டார்கள்.

உதயசூரியன்.

அந்தத் தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகளுக்கு இரண்டு இடங்கள். சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்று 3,219 வாக்கு வித்தியாசத்தில் நூலிழையில் வென்றார். இங்கே சூரியனில் வித்தியாசம் 1,28,000-க்கு மேல். தொகுதி வேறு, எதிராளி வேறு. சின்னம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பானையைப் பார்த்ததும் "அது காலனிக்காரங்க கட்சி" என்று விரலை இழுத்துக்கொள்கிற ஆள், சூரியன் என்றால் யோசிக்காமல் அமுக்கிவிடுவார். எங்க ஊரில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இரவல் வாங்கினால் கடன்பட்டாக வேண்டும். தி.மு.க. சின்னத்தில் வென்றவர் அவைக் கணக்கில் தி.மு.க. உறுப்பினர். அந்தக் கட்சியின் கொறடா உத்தரவை மீறினால் கட்சித் தாவல் சட்டம் பாயும். 2001-ல் மங்களூரில் உதயசூரியனில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆன திருமாவளவன், 2004-ல் தி.மு.க.வை விட்டு விலகி நின்றபோது அந்தப் பதவியைத் துறந்தார்.

ஸ்பெயினின் ரோமா சமூகத்தைச் சேர்ந்த ராமிரெஸ் எரேதியா 1977-ல் நாடாளுமன்றம் போனதும் ஒரு பெரிய கட்சியின் வழியாகத்தான். பிறகு இன்னொரு பெரிய கட்சிக்கு மாறினார். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் சிறுபான்மையினர் தனிச் சின்னத்தில் ஜெயிப்பது லேசான காரியமில்லை.

இங்கே அந்தச் சின்னம் மெல்ல உருவானது. 2021-ல் பானையில் நின்ற ஆறு பேரில் நான்கு பேர் சட்டமன்றம் போனார்கள். திருப்போரூரும் நாகப்பட்டினமும் பொதுத்தொகுதிகள். 2024-ல் ரவிக்குமாரும் பானையிலேயே நின்று வென்றார். வித்தியாசம் சுமார் 70 ஆயிரமாகக் குறைந்தது. 2025 ஜனவரியில் தேர்தல் ஆணையம் கட்சியை மாநிலக் கட்சியாக அங்கீகரித்துப் பானையை ஒதுக்கியது.

அதில் பெரும்பகுதி கூட்டணி வாக்குதான். இருந்தாலும் எனக்கு இந்த 70 ஆயிரம் அந்த 1,28,000-ஐ விடப் பெரிது. அது பானை என்று தெரிந்தே ஊர்த்தெருவிலும் அமுக்கியிருக்கிறார்கள்.